இரண்டாவது கைப்பிடி

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, மன்னித்துவிடு. ஒரு எழுத்து குண்டாகவும் அடுத்தது பட்டினி கிடந்ததுபோலவும் இருக்கும். வரி மேலே ஏறும், கீழே விழும். ஆனால் இது என் கை. இத்தனை நாள் எனக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த தையல்காரர் கை இல்லை. எழுபத்திரண்டு வயதில் நானே எழுதும் முதல் கடிதம். இதுவரை எழுதியதற்கே ஒரு காலைப்பொழுது முழுதும் போய்விட்டது. விரல் மரத்துப்போய் உதறி உதறி எழுதுகிறேன்.

நீயும் உன் மகனும் சுகமா? உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? எனக்கு இருமலைத் தவிர ஒரு குறையும் இல்லை.

எங்கள் தெரு வாசகசாலையின் பின்னறையில் புதன், சனி மதியம் வகுப்பு நடக்கிறது. டீச்சரம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாணவர்கள் நான், முடிதிருத்துபவர், சலவைக்கார அம்மா, இரண்டு லாரி டிரைவர்கள். 'ழ' எழுதும்போது எல்லோருக்கும் நாக்கு வெளியே வந்துவிடும். டீச்சரம்மா, "நாக்கால எழுதாதீங்க, பேனாவால எழுதுங்க" என்பார். ஐந்து மாதத்தில் கடைப் பலகை எல்லாம் படிக்கிறேன். பஸ்ஸில் போனால் வாய் ஓயாமல் படித்துக்கொண்டே வருகிறேன், பக்கத்தில் உட்கார ஆள் வருவதில்லை.

இனி தையல்காரரை நம்பியிருக்க வேண்டியதில்லை. உன் அண்ணி இறந்த சேதியை எழுதச் சொன்னபோதுகூட 'இங்கு யாவரும் நலம்' என்று போட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார் மனுஷன். "அது இல்லாம கடுதாசியே கிடையாது பெரியவரே" என்றார். இனிமேல் உனக்கும் எனக்கும் நடுவில் மூன்றாவது ஆள் இல்லை. நினைத்ததை நினைத்தபடி எழுதலாம்.

கண் வலிக்கிறது. பதில் போடு. கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போடு.

உன் அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு பேரும் நலம். உங்கள் இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள், நீங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை புரியவில்லை என்பதும் ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினேன். "ஏதாவது சின்னப் பிள்ளை எழுதினதா?" என்றாள். "எங்க அண்ணன் எழுதினது, வயசு எழுபத்தி ரெண்டு" என்றதும் வாயைப் பிளந்தாள். கடிதத்தைச் சுவரில் உங்கள் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன். நீங்கள் மில்லில் இருந்து ஓய்வு பெற்றபோது எடுத்தார்களே, அந்தப் படம். இந்த வீட்டில் மாட்டியிருக்கும் ஒரே படம் அதுதான். என் வீட்டுக்காரர் படத்தை ஏன் மாட்டவில்லை என்று உங்களுக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளையை நினைக்காமல் அஜாக்கிரதையாகச் செத்தவருக்குப் படம் ஒரு கேடா.

அண்ணா, ஒரு காரியம் ஆக வேண்டும். பையனுக்கு மின்சார வாரியத்தில் கம்பி ஆட்களுக்குத் தலைமை பார்க்கும் வேலை கொடுத்தார்கள். ஆட்கள் கம்பத்தில் ஏறும்போது கீழே பியூஸைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லோரும் இறங்கிய பிறகுதான் திரும்பப் போடலாம். பன்னிரண்டு வருடம் ஒரு தப்பும் செய்யாதவன் வேண்டாம் என்கிறான். ஏன்டா என்றால், "மத்தவன் உயிரை என் பையில வச்சுக்கறதா? எங்க அப்பாவுக்குத் தன் உயிரையே பையில வச்சுக்கத் தெரியல. அந்த ரத்தம்தானே எனக்கும்" என்கிறான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய் மூன்று தடவை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறான். கல்யாணம் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

என் பேச்சு எடுபடவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பான். மில்லில் உங்களைத் தூக்குக்குண்டு என்று கூப்பிடுவார்கள் அல்லவா, கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் குண்டு. அவனுக்கும் நீங்கள் அதுதான். மார்ச் முடிவுக்குள் அவன் சரி சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 15

அன்புத் தங்கைக்கு,

சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் ஆவலாக இருக்கிறேன். தாமதத்துக்குக் கோபிக்காதே. நான்கு தாள் கிழித்துப் போட்டேன்.

மருமகனுக்குத் தனியாக எழுதி இதிலேயே வைத்திருக்கிறேன். நன்றாக வேலை செய்கிறவன் பயப்படக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். தைரியமாக இரு என்றும் எழுதியிருக்கிறேன். இதைவிடப் பெரிய வார்த்தை இன்னும் எழுத வரவில்லை.

டீச்சரம்மா புது வேலை கொடுத்திருக்கிறார். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து தன் பெயர் உள்ள பழைய காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டும். சலவைக்கார அம்மா தன் கல்யாணப் பதிவுச் சீட்டைப் படித்தார். வயதை ஐந்து கூட்டி எழுதியிருக்கிறார்கள். "நாப்பது வருஷமா அஞ்சு வயசு சும்மா கிழவியா இருந்திருக்கேனே" என்று சொல்லவும் எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

என் முறை அடுத்த மாதம்.

அண்ணன்


மார்ச் 4

அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே பரவாயில்லை.

உங்கள் கடிதத்தைப் பையன் படித்தான். மடித்து மேசையில் வைத்துவிட்டு, "மாமா அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தைகூட எழுதல, கவனிச்சியாம்மா?" என்று கேட்டான். கவனித்தேன். தைரியமாக இரு என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அவன் அப்பா அப்படி ஒன்றும் மோசமான வேலைக்காரர் இல்லை, அன்றைக்கு ஒரு நாள்தான் தவறிவிட்டார் என்று நீங்கள் எழுதினால் போதும். அவரோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவர் நீங்கள்தானே. உங்களுக்கு அதற்கும் மனம் வரவில்லையா?

இன்னும் நான்கு வாரம்கூட இல்லை.

தங்கை


மார்ச் 21

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை உட்கார்ந்து படி.

என் முறை வந்தது. பெட்டியில் என் பெயர் உள்ள காகிதம் இரண்டுதான் இருந்தது. ஒன்று ஓய்வுச் சீட்டு. மற்றது மாப்பிள்ளை இறந்தபோது விசாரணையில் நான் கொடுத்த வாக்குமூலத்தின் நகல். கீழே என் கட்டைவிரல் ரேகை. நான் கொண்டுபோனது அதை. ஏன் என்று என்னைக் கேட்காதே.

வகுப்பில் எழுந்து நின்று படித்தேன். "இறந்தவர் லிஃப்டின் அடியிலுள்ள குழிக்கு எண்ணெய் போட இறங்கும்போது, விதிப்படி லிஃப்ட் ஓட்டுபவனான என்னிடமிருந்து அதை இயக்கும் கைப்பிடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை." ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி இந்த ஒரு வரியைப் படித்தேன். அதோடு நிறுத்திவிட்டேன். டீச்சரம்மா, "என்ன பெரியவரே, கண்ணாடி வேணுமா?" என்றார். "வேண்டாம்மா, எழுத்து தெரியுது" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச்சி, மாப்பிள்ளை அன்றைக்கு என்னிடம் கைப்பிடியை வாங்கினார். ஒவ்வொரு தடவையும் வாங்குவதுபோலவே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் குழிக்குள் இறங்கினார். அவர் அஜாக்கிரதை இல்லை. காகிதத்தில் இருப்பது பொய். சூப்பர்வைசர் தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டு என் விரலை வாங்கிக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்ன செய்வேன். இப்போதுதான் படித்தேன்.

மருமகனிடம் சொல். அவன் அப்பா ஒழுங்கான வேலைக்காரர்.

அண்ணன்


மார்ச் 28

அண்ணா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூடக் கை ஓடவில்லை. பையன் உங்கள் கடிதத்தை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினான். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான். எனக்குக் கேட்கக் கூடாதாம்.

இருபத்தாறு வருடம் அண்ணா. செத்த மனுஷனைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரித் துணியைத் துவைத்தேன். பிள்ளை ஒரு டம்ளரைத் தவறவிட்டால் "அப்பன் புத்தி" என்று சொல்லியே வளர்த்தேன். விசாரணையில் அந்த அதிகாரி, "இதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டாம்மா?" என்று கேட்டபோது எழுந்து என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "எங்க அண்ணன் பொய் சொல்ல மாட்டார். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். அதோடு விசாரணையை முடித்தார்கள். மாதக் கடைசியில் மில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. படிக்கத் தெரியாதவரை ஏமாற்றிவிட்டார்கள். ஏமாந்தவர்மேல் என்ன கோபம். தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். பையன் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்கிறான். நீங்கள் வந்து உங்கள் வாயால் சொன்னால் போதும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கைப்பிடி இல்லாமல் லிஃப்ட் நகராது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். கைப்பிடி அவர் பையில் இருந்தால் லிஃப்ட் எப்படி அண்ணா கீழே இறங்கியது? அவர் சட்டையை என்னிடம் கொடுத்தபோது பை கிழிந்து காலியாக இருந்தது. கைப்பிடி எங்கே போனது?

யோசித்து எழுதுங்கள். பையன் இன்னும் பதினைந்து நாள் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறான்.

தங்கை


ஏப்ரல் 25

அண்ணா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? எழுத முடியாவிட்டால் தையல்காரரிடமாவது சொல்லி எழுதுங்கள். நான் ஏதாவது தவறாகக் கேட்டுவிட்டேனா? அவகாசம் முடிந்துவிட்டது. பையன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். "லிஃப்ட் தானா எறங்குச்சாம்மா?" என்று தினமும் கேட்கிறான்.

தங்கை


மே 30

தங்கைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. அதுவும் ஒரு சாக்காக இல்லை.

இதோடு ஒரு பார்சல் வரும். பழைய துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு சாண் நீளம், பித்தளை, நுனியில் மரக் குமிழ். நீ கேட்ட கைப்பிடி அதுதான். இருபத்தாறு வருடமாக என் பெட்டிக்கு அடியில் இருந்தது. உன் அண்ணிக்குக்கூட அது என்ன என்று சொல்லவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். லிஃப்டை முதல் மாடியில் நிறுத்தியிருந்தேன். மாப்பிள்ளை வந்து, "மச்சான், உசிரைக் குடுங்க" என்று கையை நீட்டினார். எப்போதும் அப்படித்தான் கேட்பார், வேடிக்கையாக. கைப்பிடியைக் கழற்றிக் கொடுத்தேன். பையில் போட்டுத் தட்டிக் காட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். கைப்பிடி திரும்பி வராமல் லிஃப்டை அசைக்கக் கூடாது. அது விதி.

அரைமணி கழித்து சூப்பர்வைசர் வந்தார். கீழே மூட்டைகள் காத்திருந்தன. "மாப்பிள்ளை குழியில இருக்காருங்க, கைப்பிடி அவர்ட்ட" என்றேன். "அவன் அப்பவே ஏறி வந்துட்டான்யா, டீக்கடையில நிக்கிறான். நான் பார்த்துட்டுத்தானே வர்றேன்" என்றார். தன் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டாவது கைப்பிடியைக் கொண்டு வந்திருந்தார். அப்படி ஒன்று இருப்பது எங்கள் இருவருக்கும்தான் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியாது. கைப்பிடி தன் பையில் இருக்கும்வரை லிஃப்ட் வராது என்று நம்பித்தான் அவர் கீழே குனிந்திருந்தார்.

அவர் ஏறி வந்திருந்தால் கைப்பிடியை முதலில் என்னிடம் தந்திருப்பார். எனக்கு அது தெரியும். குழியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. ஏன் என்று இருபத்தாறு வருடமாக யோசிக்கிறேன். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். அவர் எதிரிலேயே குரல் கொடுத்தால் அவர் பேச்சை நான் நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்று கூச்சப்பட்டேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடினேன். இல்லை.

லிஃப்டை நான் இறக்கினேன். ஒரு மாடி. பத்து எண்ணுவதற்குள் இறங்கிவிடும்.

மாப்பிள்ளை பையிலிருந்து கைப்பிடியை எடுத்ததும் நான்தான். பை அப்போது கிழிந்ததுதான். "எடுத்து மறைச்சுரு, இல்லன்னா நீதான் உள்ள போவே, ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கும்" என்றார் சூப்பர்வைசர்.

இப்போது முக்கியமானது. போன கடிதத்தில் நான் படிக்கத் தெரியாமல் விரல் வைத்தேன் என்று எழுதினேன். அது பொய். விரல் வைக்கும் முன்னால் அந்தக் காகிதத்தை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார்கள். சொல்லுக்குச் சொல் புரிந்துதான் வைத்தேன். நீ எழுந்து, எங்க அண்ணன் பொய் சொல்ல மாட்டார் என்று சொன்னபோது நான் உனக்குப் பின்னால் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் விரலில் மை இன்னும் காயவில்லை. அப்போது எழுந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு உனக்குச் சொல்ல நினைத்தபோதெல்லாம், நடுவில் தையல்காரர் இருக்கிறார், எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுதக் கற்றுக்கொண்டதும் சாக்கு தீர்ந்தது. ஆனால் என் கையால் எழுதிய முதல் முக்கியமான கடிதத்திலேயே பொய்யைத்தான் எழுதினேன். நீ அதை நம்பி, கோபம் இல்லை என்று எழுதினாய். அந்த வரியைப் படித்த பிறகு இரண்டு மாதம் பேனாவை எடுக்க முடியவில்லை.

தூக்குக்குண்டு என்று இனி சொல்லாதே. மருமகனுக்கு இதைக் காட்டு. அவன் அப்பா கைப்பிடியை வாங்கினார். பையில் வைத்தார். தட்டிக் காட்டினார்.

அண்ணன்


ஜூலை 2

தங்கைக்கு,

நீயும் மருமகனும் நலமாக இருக்க வேண்டும்.

பார்சல் கிடைத்ததா என்று தெரியவில்லை. தபால்காரர் என் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை மெதுவாக்கிக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். நேற்று, "மகளா பெரியவரே?" என்றார். "தங்கச்சி" என்றேன். "சண்டையா?" என்றார். "இல்லப்பா, அவ பக்கம் நியாயம்" என்றேன்.

பதில் போட வேண்டாம். கிடைத்தது என்று மட்டும் யாராவது எழுதினால் போதும்.

அண்ணன்


ஜூலை 29

ஐயா,

அம்மா உங்களுக்கு எழுத மாட்டார். நான் எழுதுவதும் இது ஒன்றுதான்.

பார்சல் கிடைத்தது. அம்மா கைப்பிடியைத் துண்டோடு மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மூன்றாம் நாள் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். உங்கள் மூன்றாவது பக்கத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். 'தட்டிக் காட்டிவிட்டு' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். தினமும் அந்த இடம் வரைதான் படிக்கச் சொல்கிறார்.

அப்பா படம் ஒன்று பெட்டியில் இருந்தது. பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். உங்கள் படம் இருந்த ஆணியில்தான். புது ஆணி அடிக்க அம்மா சம்மதிக்கவில்லை. உங்கள் படம் அலமாரிமேல் குப்புறக் கிடக்கிறது.

அந்த வேலைக்கு எடுத்திருந்த ஆள் ஒத்துவரவில்லை என்று மறுபடியும் கேட்டார்கள். சரி என்றேன். போன வாரம் முதல் பியூஸ் என் பையில் இருக்கிறது. ஆட்கள் ஏறும் முன்னால் தட்டிக் காட்டுகிறேன். கடைசி ஆள் இறங்கும்வரை எவன் வந்து என்ன சொன்னாலும் அதை வெளியே எடுப்பதில்லை. இன்னொரு பியூஸ் யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.

உங்களை மாமா என்று எழுத முயன்றேன். முடியவில்லை.


ஆகஸ்ட் 18

தங்கைக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு இன்னும் உரிமை உண்டா என்று தெரியவில்லை. கேட்காமல் கடிதத்தை ஆரம்பிக்கவும் தெரியவில்லை. முட்டிவலி எப்படி இருக்கிறது?

மருமகன் கடிதம் கிடைத்தது. அவன் எழுதியது எல்லாம் சரி. அவன் கையெழுத்து உன்னுடையதுபோலவே பெரிதாக இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் படித்தேன்.

நேற்று தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் கடைசி அறை, மின்விசிறி ஓடுகிறது, காற்று வரவில்லை. புது வாக்குமூலத்தை எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்தக் குமாஸ்தா படித்துவிட்டு, "மில்லு மூடி ஒம்பது வருஷமாச்சு. சூப்பர்வைசரும் செத்துட்டார்ங்கறீங்க. இப்ப எதுக்கு பெரியவரே இது?" என்றார்.

"பழசு தப்புங்க. அதை எடுத்துட்டு இதை வைக்கணும்."

"இதுல நீங்கதான் ஓட்டினீங்கன்னு இருக்கு. கேஸுன்னு வந்தா மிச்சம் இருக்கிற ஆள் நீங்கதான். உங்க மேலதான் வரும், தெரியுமா?"

"தெரியும். படிச்சுப் பார்த்துட்டுத்தான் குடுக்கிறேன்."

மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். திரும்ப அவர் பக்கமே தள்ளினேன். பேனா கேட்டேன். என் பெயரை முழுதாக எழுதினேன் தங்கச்சி. கடைசி எழுத்து மேசை விளிம்பு வரை போய்விட்டது. "நல்லா இருக்கு பெரியவரே" என்றார் அவர். அரசாங்கக் காகிதத்தில் நான் போட்ட முதல் கையெழுத்து. படி இறங்கும்போது சந்தோஷமாக இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் எதற்குப் போட்டோம் என்பது ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தி ஐந்தாம் தேதி விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போலீசிலிருந்தும் ஒருவர் இருப்பாராம். நகல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை படத்துக்குப் பின்னால் சொருகி வை. அது நிஜம்.

என் படம் குப்புறவே கிடக்கட்டும். இந்தக் கடிதங்களைப் படிக்க வேண்டாம் என்று தோன்றினால் உறையைப் பிரிக்காமல் போட்டுவை. எழுதுவதை மட்டும் நிறுத்தச் சொல்லாதே. விசாரணையில் என்னைக் கேட்டதையும் நான் சொன்னதையும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

அண்ணன்